இடது இருக்கைக்கு எவ்வளவு தூரம்?

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 26. ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் துணை விமானியாக இரண்டு ஆண்டுகளில் 900 மணி நேரம் பறந்திருக்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்று ஏர்பஸ் 320 விமானத்தின் துணை விமானியாக என்னை அழைக்கிறது. சம்பளம் கூடுதல். ஆனால் அந்த வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சியின் செலவு என்னுடையது. அதன்பின் ஐந்தாண்டு விலகக் கூடாது என்ற பாண்டும் உண்டு. என் படிப்புக்காக அப்பா அடகு வைத்த நிலத்தின் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. உடன் படித்தவர்கள் பெரும்பாலும் ஜெட் விமானத்துக்குப் போய்விட்டார்கள். நோட்டீஸ் காலத்தைப் பார்க்காமல் வந்துவிடு என்கிறான் நண்பன். நான் மாறலாமா?

ஒரு துணை விமானி, சென்னை

அன்புள்ள தம்பி,

மாறலாம், ஆனால் இப்போது, இந்த நிபந்தனைகளோடு மாற வேண்டாம் என்பதே என் எண்ணம். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பறந்து ஓய்வு பெற்றவன் என்பதோடு, உங்கள் வயதில் இதே முடிவை அவசரமாக எடுத்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

உங்களிடம் இப்போது இரண்டு சேமிப்புகள் இருக்கின்றன. ஒன்று, பறந்த நேரத்தைப் பதியும் லாக் புத்தகத்தில் ஏறும் மணிக்கணக்கு. அது எந்த நிறுவனத்துக்குப் போனாலும் கூடவே வரும். மற்றொன்று பணிமூப்பு, அது நிறுவனத்தின் வாசலைத் தாண்டி ஓர் அடிகூட வராது. புதிய இடத்தில் நீங்கள் சேரும் நாளில், உங்களைவிட ஒரு வாரம் முன்னால் சேர்ந்த, 200 மணி நேரம் மட்டுமே பறந்து உரிமம் பெற்ற இளைஞனுக்கும் கீழேதான் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும். எந்த ஊரைத் தளமாகப் பெறுவது, எப்போது விடுப்பு எடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எப்போது விமானத்தின் முழுப் பொறுப்பேற்கும் கமாண்டர் ஆவதற்கான பயிற்சிக்கு அழைக்கப்படுவது என்பவற்றைப் பெரும்பாலும் அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது.

எனக்கு 29 வயதானபோது, நான் இருந்த சிறிய நிறுவனத்தில் கமாண்டர் பயிற்சிக்கு எனக்கு முன்னால் ஏழு பேர்தான் இருந்தார்கள். ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாக வேறொரு நிறுவனம் அழைத்தது, போய்விட்டேன். சேர்ந்த மறு ஆண்டே அங்கே புதிய விமானங்கள் வருவது நின்றது. மூன்றாம் ஆண்டு சம்பளம் தாமதமாகத் தொடங்கியது. பழைய இடத்தில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டே ஆண்டுகளில் கமாண்டரின் இடது இருக்கைக்குப் போனார்கள். நான் துணை விமானியின் வலது இருக்கையில் மேலும் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நீங்கள் அதே வழியில் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே முதலில் நீங்கள் விசாரிக்க வேண்டியது சம்பளத்தை அல்ல. இரண்டு நிறுவனங்களிலும் இடது இருக்கை எத்தனை ஆண்டு தூரத்தில் இருக்கிறது என்பதையே. அதற்கு விமானக் கொள்முதல் அறிவிப்புகளை நம்ப வேண்டாம். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஒப்பந்தம் அறிவித்தபோது பயிற்சிப் பள்ளிகளில் ஒரு திருவிழா மனநிலையே இருந்தது. ஆனால் அந்த 500 விமானங்கள் வந்துசேரக் குறிக்கப்பட்ட காலம் 2030 முதல் 2035 வரை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அதே 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான், ஏறத்தாழப் பாதி விமானங்கள் எஞ்சின் சிக்கலால் தரையில் நிற்கின்றன என்று சொல்லி கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. 2012-இல் கிங்ஃபிஷரும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் நின்றபோது, பல ஆண்டுப் பணிமூப்பு ஒரே நாளில் மதிப்பிழந்தது. விமானி மாறாமலே நிறுவனம் மாறிவிடுவதும் உண்டு: 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, விண்ணப்பமே போடாதவர்களும் வேறொரு பட்டியலுக்குள் வந்துசேர்ந்தார்கள். பட்டியலைவிட லாக் புத்தகத்தை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஏடிபிஎல் உரிமத்துக்கு மொத்தம் 1,500 மணி நேரம் வேண்டும். அந்த உரிமம் இல்லாமல் கமாண்டர் ஆக முடியாது. உரிமப் பயிற்சியில் பறந்ததும் மொத்தக் கணக்கில் சேரும் என்றாலும், அதை ஒதுக்கிவைத்து 900 என்றே கொள்கிறேன். மாதம் 65 மணி நேரம் பறந்தால் மீதி 600 மணி நேரத்துக்கு ஒன்பது மாதங்களுக்குச் சற்று மேல் ஆகும். இப்போதே மாறினால் தரைப் பாடம், சிமுலேட்டர், தேர்வுப் பறப்பு என்று, பயணிகளோடு பறந்து பழகும் லைன் பயிற்சி தொடங்கும் வரை சில மாதங்களுக்கு உங்கள் மணிக்கணக்கு ஏறாமல் நிற்கும். கடனின் வட்டி மட்டும் நிற்காது. காத்திருந்தால், அந்த ஒன்பது மாதங்களில் புதிய இடத்தில் சேர்பவர்கள் உங்களுக்கு முன்னால் போய்விடுவார்கள் என்பதும் உண்மையே. அந்த இழப்பை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஏடிபிஎல்லோடு வரும் விமானியிடம் டைப் ரேட்டிங் செலவையும் பாண்டையும் பற்றி நிறுவனம் பேசும் விதம் வேறாக இருக்கும். உங்கள் வீட்டு நிலைமையில் அந்த வேறுபாடு மிகப் பெரியது.

இன்னொன்று. உங்கள் இப்போதைய நிறுவனத்தில் ஏடிஆர் கமாண்டர் பதவி ஒன்றரை ஆண்டுக்குள் கிடைக்கும் என்று பயிற்சிப் பிரிவில் உறுதியாகச் சொன்னால், மாறும் எண்ணத்தையே தள்ளிவைத்து, கமாண்டராகக் குறைந்தது 500 மணி நேரம் பறந்துவிடுங்கள். ஜெட்டுக்குப் போன நண்பர்களைப் பார்த்து ஏடிஆரைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். தூத்துக்குடி ஓடுபாதை நீட்டிக்கப்படுவதற்கு முன் சுமார் 1,350 மீட்டர்தான் இருந்தது. ஆடிக் காற்றில் அந்தத் துண்டு நிலத்தில் ஏடிஆரைக் கொண்டுவந்து இறக்கியவர்களின் கையில் இருக்கும் நிதானம், நீண்ட ஓடுபாதைகளில் மட்டும் பறந்தவர்களுக்கு எளிதில் வருவதில்லை. பெரிய விமானத்துக்குப் போன பிறகும் அந்தக் கைப்பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

உங்கள் நண்பனின் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். 2017-இலிருந்து, விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதமும் கமாண்டருக்கு ஓராண்டும் நோட்டீஸ் காலம். 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்தின் 43 விமானிகள் அதை முடிக்காமல் விலகியபோது விமானங்கள் ரத்தாகின, வழக்கு நீதிமன்றம் வரை போனது. விதி கடுமையானது என்று எதிர்த்து வாதிடலாம். எனக்கும் ஓராண்டு என்பது மிகையாகவே படுகிறது. ஆனால் சொல்லாமல் போனால், உங்கள் பெயர் பணி அட்டவணையில் இருந்த நாளில் அந்த வலது இருக்கைக்கு வேறொருவரை ஓய்விலிருந்து எழுப்பி அழைப்பார்கள். இந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். நாளை உங்கள் பறக்கும் திறனைச் சோதிக்கும் பரிசோதகர் அவராகவே இருக்கலாம். கமாண்டர் வாய்ப்பு அருகில் இல்லையென்றால், இன்றிலிருந்து மூன்றாம் மாதத்தில் விலகல் கடிதம் கொடுத்து, நோட்டீஸ் காலத்திலேயே மீதி மணிகளைப் பறந்து முடிக்கலாம்.

புதிய நிறுவனத்திடம் இப்போதே மின்னஞ்சலில் மூன்று செய்திகளை எழுத்து வடிவில் கேளுங்கள். பணிமூப்பு சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படுமா, லைன் பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? நிறுவனமே விமானங்களைக் குறைத்தாலோ சம்பளம் தராமல் போனாலோ பாண்ட் தானாக நீங்குமா? சென்னைத் தளம் உறுதியா? பதிலைப் படித்த பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன், அப்பாவோடு உட்கார்ந்து வங்கிக் கடனின் மீதியையும் டைப் ரேட்டிங்குக்காக வாங்க வேண்டிவரும் புதிய கடனின் தவணையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை அவர் பார்க்காமல் நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

அன்புடன்.