தாங்கித் தண்ணீர் ஏன் மணக்கிறது?

கேள்வி: கொட்பேயிலிருந்து பலநாள் படகில் போனால் நாலு கிழமை கடலில் நிற்போம். ஆறு பேர். இரண்டாம் கிழமையே குடிதண்ணீர் மணக்கத் தொடங்குகிறது. குளோரின் விட்டும் போகவில்லை. எவ்வளவு ஏற்றுவது, எப்படி வைப்பது?
– வாசகர், திருகோணமலை

பதில்: கோளாறு பெரும்பாலும் தாங்கியில்தான் இருக்கும். மூடியைக் கழற்றி உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால், கிருமிகள் படையாக ஒட்டி வளர்ந்திருக்கின்றன. நீங்கள் விடும் குளோரின் அந்தப் படையிலேயே செலவாகிவிடும், தண்ணீருக்கு மிஞ்சாது. ஆகவே முதலில் தேய்ப்பு. தூரிகையால் மூலைமுடுக்கெல்லாம் உரஞ்சிக் கழுவுங்கள். பிறகு தாங்கியை நிரப்பி, 1000 லீற்றருக்கு 1 லீற்றர் வீதம் வாசனை சேர்க்காத 5 வீதக் குளோரின் திரவம் கலந்து, குழாயைத் திறந்து குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். இதைச் செய்யாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் படை அப்படியே தங்கிவிடும். 12 மணித்தியாலம் கழித்து முழுவதையும் வெளியேற்றி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். குடிக்க ஏற்றும் தண்ணீருக்கு 1000 லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் போதும். அரை மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம்.

ஏற்றும்போது வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீரைக் கடலில் விட்டுவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் தளத்தில் அடிக்கும் அலை உள்ளே இறங்கும்.

அளவு: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க 4 லீற்றர், மேலலச 1 லீற்றர். ஆறு பேருக்கு 28 நாளில் 840 லீற்றர். இயந்திரம் பழுதானால் நாள் நீளும். அதற்காகக் கால்வாசி, 210 லீற்றர், கூடுதலாக வேண்டும். அந்தக் கால்வாசியைத் தாங்கியில் விடாதீர்கள். 20 லீற்றர்க் கலன்கள் பதினொன்றில் தனியாக வையுங்கள். தாங்கி வெடித்தாலோ உப்பேறினாலோ உயிர் காப்பது அவைதான். வெளிச்சம் புகும் கலனில் பாசி பிடிக்கும், நிழலில் கட்டுங்கள். டீசல் இருந்த பரல் எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. பிளாஸ்ரிக் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். மீன் அறைப் பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கவும் வேண்டாம்.

கேள்வி: கடல்தண்ணீரில் சோறு வைக்கலாமா? குளிக்கலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: ஆழ்கடலில் அள்ளியதென்றால் நாலு பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு சேர்த்து, வேறு உப்புப் போடாமல் வைக்கலாம். துறைமுகத் தண்ணீர் கூடவே கூடாது. தனிக் கடல்தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால், லீற்றருக்கு 35 கிராம் அளவான அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் உடம்பின் தண்ணீரையே இழுக்கும். குடித்ததைவிடக் கூடுதலாகப் போய்விடும்.

குளிக்கலாம். சவர்க்காரம் நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். ஆனால் தோலில் காயும் உப்பு ஈரத்தைப் பிடித்துவைப்பதால் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் புண் வரும். அந்த 1 லீற்றர் நல்ல தண்ணீரை முதலில் அங்கே ஊற்றி, துடைத்து, உலர்ந்த சாரத்தைக் கட்டுங்கள்.