அழிப்பான் இல்லாமல் ஒரு காகம்

கேள்வி: வேளச்சேரியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பறவைகளைப் பற்றிச் செயல்திட்டம் கொடுத்தால், பிள்ளைகள் இணையத்தில் இருப்பதை அப்படியே எழுதி, தோகை விரித்த மயில் ஒன்றையும் வரைந்து வருகிறார்கள். அவர்களைத் தாமாகவே ஆராய வைப்பது எப்படி?

பதில்: தகவலை முதலிலும் படத்தைக் கடைசியிலும் வைக்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் சன்னலுக்கு வரும் காகத்திலிருந்தே தொடங்கலாம். பென்சில் மட்டும் கொடுத்து, அழிப்பானை வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் பார்த்து வரையச் சொல்லுங்கள். உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு சிறு வட்டம் போதும். காகம் முழுக்கக் கறுப்பு என்று நம்பி வந்த பிள்ளை, அதன் கழுத்து சாம்பல் நிறமாக இருப்பதை அப்போதுதான் காணும். கழுத்தும் கறுத்து, அலகும் தடித்திருந்தால் அது அண்டங்காக்கை. கால் பின்பக்கமாக மடிவதையும் யாராவது கேட்பார்கள். நமக்கு முழங்காலாகத் தெரிவது உண்மையில் கணுக்கால் என்றும், முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது என்றும் சொல்லி, அவர்களையே நுனிக்காலில் நடக்க விடுங்கள்.

அடுத்து மடையானை எடுத்துக்கொள்ளலாம். குருட்டுக் கொக்கு என்றும் அழைக்கப்படும் இப்பறவை, குளக்கரையில் நிற்கும்போது சேற்று நிறத்தில் இருந்துவிட்டு, எழுந்து பறந்தவுடன் வெண்சிறகு காட்டும் என்பதால், இதற்கு இரண்டு படங்கள் தேவைப்படும். ஏன் இரண்டு என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். குயிலிலும் ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெண்புள்ளி என்பதால், ஒரே இனத்தை இரண்டாக எண்ணிக்கொள்வார்கள். உடனே திருத்தாதீர்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதைப் படிக்கும்போது, முதலில் வரைந்த காகம் மீண்டும் பாடத்துக்குள் வந்துவிடும்.

2022இல் ராம்சார் தகுதி (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வலசைப் பறவைகள் வரும் டிசம்பர், சனவரி மாதங்களில் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். கூடுகளை நெருங்கவோ, கைப்பேசியில் குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைக்கவோ அனுமதிக்க வேண்டாம்.

மதிப்பெண்ணைப் படத்தின் அழகுக்குத் தராமல், படத்தின் ஓரத்தில் பிள்ளை எழுதியிருக்கும் கேள்விகளுக்குத் தாருங்கள்.