ஆட்டுக்கல்லில் ஆடு எங்கே?

அன்புள்ள ஐயா,

"ஆட்டுப்பால் ஆடு குடுக்குது, ஆட்டுக்கல்?" என்று என் மகள் கேட்டாள். பதில் தெரியவில்லை. தூளியை ஆட்டுகிறோம், மாவு ஆட்டுகிறோம், செக்கில் கடலை ஆட்டுகிறோம். தூளி முன்னும் பின்னும் போகிறது, செக்கு சுற்றுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள வாசகிக்கு,

விலங்கின் பெயர் வேறு சொல். ஆட்டுக்கல்லில் இருப்பது வினை. ஓடு–ஓட்டு, கூடு–கூட்டு போல ஆடு–ஆட்டு. தானாக நடந்தால் ஆடு, நாம் செய்ய வைத்தால் ஆட்டு. பெண்ணுக்கு மற்றவர்கள் தண்ணீர் ஊற்றுவதால்தான் அது மஞ்சள் நீராட்டு விழா. 'நீராடல் விழா' என்று பத்திரிகை அடித்தால் பெண் தானே குளித்ததாகிவிடும்.

இனி தூளியும் செக்கும். இந்தச் சொல் திசையைப் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் பிடிமானம் வேண்டும், அசைவு திரும்பத் திரும்ப வர வேண்டும். தூளிக்கு உத்திரத்துக் கயிறு, செக்குலக்கைக்கு உரல், பல்லுக்கு ஈறு, நாய் வாலுக்கு நாய். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் வெல்லத்துக்குக் கரும்பு ஆட்டும்போதும் உருளைகள் இருந்த இடத்திலேயே சுற்றுகின்றன. மருந்துப் புட்டியைக் கையில் தூக்கி மொத்தமாக உலுக்கினால் அது ஆட்டுவதில்லை, குலுக்குவது. கையை ஒருமுறை நகர்த்தினால் அசைப்பு, விடாமல் செய்தால் ஆட்டல்.

ஆட்டுக்கல்லில் குழவி குழிக்குள் உட்கார்ந்து சுற்றுகிறது, அதனால் ஆட்டுகிறோம். அம்மியில் குழவிக்குக் குழி இல்லை, அதனால் அரைக்கிறோம். (குழவி என்றால் குழந்தையும்தான். மகளிடம் இதைச் சொல்லுங்கள், பிடிக்கும்.)

மகளுக்கு ஆட்டிக் காட்ட விரும்பினால், இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. உளுந்தை முதலில் போட்டு, வலக்கை குழவியைச் சுற்ற, இடக்கை மாவைக் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் குழவி வழுக்கும், உளுந்து உப்பாது. ஒரு சொட்டு மாவு தண்ணீரில் மிதந்தால் பதம் வந்துவிட்டது. கல் மழமழத்துப் போனாலும் குழவி சும்மா சுற்றும், மாவு நைசாகாது. கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டு உளியால் பொளிய வைக்க வேண்டும்.

கிரைண்டர் வந்தபிறகும் "மாவு ஆட்டினியா?" என்றுதான் கேட்கிறோம், உள்ளே இன்னும் கல் இருப்பதால் என்று நினைக்கிறேன். மிக்சியில் பிளேடு வெட்டுகிறது. அங்கே சட்னி அரைக்கிறோம், ஆட்டுவதில்லை.