நிக்கோட்டின் மட்டும்தான் நஞ்சா?

கேள்வி: சிகரெட்டில் நிக்கோட்டின் ஒன்றுதான் கெடுதல் என்றும், ஃபில்டர் இருப்பதால் பயமில்லை என்றும் என் அண்ணன் கூறுகிறார். இது சரியா?

பதில்: சரியன்று. நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி, மனிதரை அடிமைப்படுத்துகிறது. ஆனால் நோய்களுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை, புகையிலை எரியும்போது உருவாகும் பிற பொருள்கள். அப்புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அவற்றில் ஒன்றான பென்சோபைரீன், உடலுக்குள் வேதிமாற்றம் அடைந்து டி.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொண்டு, செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் மரபணுவையே சிதைக்க வல்லது. இதுவே என்னை மிகவும் அஞ்சவைக்கிறது. ஏனெனில் இச்சேதம் எந்த வலியும் தராமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது.

அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்துசெல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் இணைவதால், திசுக்களுக்குச் சேரவேண்டிய ஆக்சிஜன் குறைந்து, இதயத்தின் சுமை கூடுகிறது. அக்ரோலின், ஹைட்ரஜன் சயனைடு போன்றவை, மூச்சுக்குழாயிலிருந்து சளியையும் தூசியையும் வெளியேற்றும் நுண்ணிய மயிரிழைகளை முடக்குகின்றன. புகைப்பவர்களை விடாது தொல்லைப்படுத்தும் இருமலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃபில்டர் துகள்களில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது. கார்பன் மோனாக்சைடு அதனூடே எளிதாகக் கடந்துவிடும். மேலும், புகை மென்மையாகத் தோன்றுவதால் பலர் இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள்.

உங்கள் அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்: புகைப்பதை நிறுத்திய ஓரிரு நாள்களிலேயே இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்புநிலைக்குத் திரும்பிவிடும்.