ஊரணிக் கரையில் ஒரு ராத்திரி

வாசகர் கேள்விகளுக்கு ஆச்சி பதில்

நமீபியாவில் காண்டாமிருகம் பார்த்ததைப் பற்றிப் போன இதழில் நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மகனுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. பதினொரு வருஷத்தில் ஆறு தடவை போய் வந்திருக்கிறேன், என் தகுதி அவ்வளவுதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் என்பதால் சில இடங்களில் நீட்டி முழக்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் பேரப்பிள்ளைகளுக்கு லீவு. அப்போது தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்குப் போகலாமா? ஏழு நாளில் நாலு பூங்கா காட்டுவதாக ஏஜெண்ட் சொல்கிறார். (வாசகி, காரைக்குடி)

பதில்: முதலில் அந்த ஏஜெண்டுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். காலையில் ஒரு வாசல், மாலையில் இன்னொரு வாசல், நடுவில் பெட்ரோல் பங்க். ஊருக்கு வந்து போட்டோவைப் புரட்டினால் பாதிக்கு மேல் வேனுக்குள் நாங்கள் தூங்குகிற படம்.

க்ரூகர் என்பது சும்மா ஒரு பூங்கா இல்லை. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர், அதாவது நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல நாலரை மடங்கு. வடக்கே தெற்கே நீளம் மட்டும் 350 கிலோமீட்டர்; காரைக்குடியில் ஏறினால் செங்கல்பட்டுப் பக்கம் இறங்குகிற தூரம். அதில் தார் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகம், மண் ரோட்டில் 40, அதற்கு மேல் போனால் அபராதம். உண்மையில் 25, 30ல் ஊர்ந்தால்தான் கண்ணுக்கு ஏதாவது படும். அதனால் ஒரே பூங்கா, ரெண்டே முகாம், ஒவ்வொன்றிலும் மூணு ராத்திரி. என் வயசுக்காரர்களுக்கு லோயர் சாபியும் சதாராவும் போதும். சாபி ஆற்றை ஒட்டி ஸ்குகூசா முகாமுக்குப் போகிற ரோட்டிலேயே ஒரு நாள் முழுக்கப் போய்விடும். முகாம் அறைகளுக்கு 11 மாதத்துக்கு முன்னாலேயே பதிவு திறந்துவிடும். நல்ல அறைகள் உடனே போய்விடுகின்றன.

மாதம் என்று கேட்டால், டிசம்பர் அங்கே கோடை, மழைக்காலமும் அதுதான். புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். பத்தடி தள்ளிச் சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். இலை உதிர்ந்துவிடும், குட்டைகள் வற்றிவிடும், இருக்கிற நாலு தண்ணீருக்கு எல்லா மிருகமும் வந்தாக வேண்டும். பள்ளிக்கூட லீவு டிசம்பரில்தான் என்றால் தாராளமாகப் போங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. இம்பாலா மான்கள் குட்டி போட்டிருக்கும், பறவைகள் கொள்ளையாக வந்திருக்கும். ஆனால் க்ரூகர் மலேரியா உள்ள பகுதி, மழைக்காலத்தில் கூடுதலாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். அதே நாட்டில் பிலானஸ்பர்க், ஆடோ என்று வேறு ரெண்டு பூங்கா, ரெண்டிலும் மலேரியா கிடையாது. ஆடோவில் 1931ல் மிச்சமிருந்தது பதினோரு யானை. இன்றைக்கு அறுநூறுக்கு மேல். சாணி உருட்டுகிற வண்டுக்கு வழிவிடச் சொல்லி அங்கே ரோட்டில் போர்டு வைத்திருக்கிறார்கள். என் பேரனுக்கு யானையைவிட அந்த வண்டுதான் பிடித்தது.

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே மறக்க முடியாத காட்சி எது? (வாசகர், தேவகோட்டை)

பதில்: சிங்கம் எருமையை அடித்தது என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஆறு தடவை போயும் அதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது தண்ணீர் குடிப்பதை.

நமீபியாவில் எடோஷா என்று ஒரு பூங்கா. நடுவில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேர் என்று உப்புப் பரப்பு, பெரும்பாலான நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. அந்தப் புழுதியில் புரண்டு வருகிற யானைகள் விபூதி பூசிய பிள்ளையார் மாதிரி இருக்கும். அங்கே ஒக்காகுவேயோ என்ற முகாமுக்குள்ளேயே, ஒரு குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்க் குட்டை. ராத்திரி முழுக்க மஞ்சளாக விளக்கு எரியும். சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் மாதம். பகலில் நம் ஊர் மார்கழி வெயில், ராத்திரியானால் பல் தந்தியடிக்கும். ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு எட்டரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "ஒன்னும் வரலையே, வா படுக்கலாம்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. சின்ன வயசில் ஐயா என்னை ஊரணிப் படிக்கட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போவார். அந்தப் பழக்கம்.

முதலில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்தது. வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன், வெளிச்சத்தின் ஓரத்திலிருந்து தண்ணீருக்கு வந்து சேர அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலடி வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும், ரெண்டடி பின்னால் போகும். கடைசியில் முன்னங்கால் ரெண்டையும் அகல விரித்து, கோலம் போடக் குனிகிற கிழவி மாதிரி முட்டியை மடக்கி, கழுத்தை இறக்கி, உதடு தண்ணீரைத் தொடுகிற நேரம் எங்கேயோ ஒரு குச்சி ஒடிந்தது. அவ்வளவுதான், ஒரே உதறல், நிமிர்ந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து.

அப்புறம் பத்தரை இருக்கும், கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்தது. காலடிச் சத்தமே இல்லை. இன்னொன்று எதிர்ப்பக்கத்திலிருந்து. ரெண்டும் மூக்கால் புஸ் புஸ் என்று ஏதோ பேசிக்கொண்டன. யானைக் கூட்டம் வந்ததும் ரெண்டும் ஒதுங்கி நின்றன. யானை குடித்து முடிக்கிற வரை யாரும் கிட்டே போகவில்லை. எங்கள் ஊரணியிலும் இப்படி ஒரு முறை உண்டு, யார் முதலில் குடம் நனைப்பது என்று. அந்த முறை எப்படி வந்தது என்று பிறகு யோசிக்கையில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பெஞ்சில் நாற்பது பேர் இருந்திருப்போம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அறைக்குத் திரும்பும்போது ஒரு மணி.

கேள்வி: சிறுத்தை, சீட்டா ரெண்டும் ஒன்றா? ‘பிக் ஃபைவ்’ பார்த்தீர்களா? (கல்லூரி மாணவி, புதுவயல்)

பதில்: ஒன்றில்லை, கண்ணு. தினசரிகள் ரெண்டுக்கும் சிறுத்தை என்றே போட்டுக் குழப்பிவிட்டன. மரத்தில் ஏறுகிற, பூப்பூவாகப் புள்ளி உள்ளதுதான் சிறுத்தை. சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கிப்புலி என்று அழகான பெயர் இருக்கிறது. மை தொட்டு வைத்த மாதிரி தனித்தனிப் புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்க் கோடு. ஒட்டகச்சிவிங்கியின் பெயரில் இருப்பதும் அதே சிவிங்கிதான்: உடம்பு ஒட்டகம், புள்ளி சிவிங்கி. இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போனதாக 1952ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தில் குனோவுக்கு வந்தன.

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்கிற அந்த ஐந்து கணக்கு, நடந்து போய்ச் சுடுவதற்கு எது கஷ்டம் என்று வேட்டைக்காரர்கள் போட்டது. அந்தப் பட்டியலை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? ஐந்தையும் பார்த்தேன். சிறுத்தையின் வாலை மட்டும்தான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: முகாம்களில் அடுப்பு, பாத்திரம், ஃபிரிட்ஜ் வைத்த வீடு கிடைக்கும். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அந்த ஊர்க் கடைகளிலேயே உண்டு. வறுத்துப் பொடித்த சாம்பார்ப் பொடி மட்டும் போதும் என்று நான் போவேன். பாப் என்று மக்காச்சோளக் களி தருவார்கள். குழம்பு ஊற்றினால் நம் கேழ்வரகுக் களிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அசைவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே பில்டாங் என்று விற்பது நம் உப்புக்கண்டமேதான், வினிகரும் கொத்தமல்லி விதையும் போட்டது. ஆனால் ஆசைப்பட்டு இங்கேயிருந்து உப்புக்கண்டம் கட்டிக்கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

ஆடோவுக்கு ஆரஞ்சு, எலுமிச்சை கொண்டுபோகக் கூடாது. ஒரு காலத்தில் யானைகள் வேலி தாண்டாமல் இருக்க ஆரஞ்சுப் பழம் கொட்டிப் பழக்கிவிட்டார்கள். அப்புறம் அவை வாசம் பிடித்து வண்டியைத் துரத்த ஆரம்பித்தன. நான் வழிக்கென்று எலுமிச்சம்பழச் சாதம் கட்டியிருந்தேன். வாசலிலேயே மரத்தடியில் உட்கார்ந்து எல்லாரும் தின்று தீர்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம். முகாமில் குரங்குகள் ஜாக்கிரதை. அழகர்கோயில் குரங்குகள் எல்லாம் அவற்றிடம் டியூஷன் படிக்க வேண்டும்.

கேள்வி: சொந்தக் காரில் யானைக்கு நடுவே போவது ஆபத்தில்லையா? (வாசகர், கோட்டையூர்)

பதில்: குறித்த இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டக் கூடாது, வாசல் மூடுமுன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். இதைக் கடைப்பிடித்தால் நம் புறவழிச்சாலையைவிடப் பத்திரம். அங்கேயும் நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் பழக்கம் மாறாது.

ஒரு தடவை பயந்தேன். சாபி ஆற்றங்கரையில் ஒரு வளைவு திரும்பினால் ரோட்டு நடுவில் தனி ஆண் யானை. கன்னத்தில் எண்ணெய் வழிந்த மாதிரி ஈரம், பின்னங்கால் வரை நனைந்திருந்தது. மதம். அது நம் யானைக்கும் அந்த யானைக்கும் ஒன்றுதான். மகன் ஹாரனில் கை வைக்கப் போனான். "டேய், கையை எடு, பின்னால போ" என்றேன். அவன் ரிவர்ஸ் எடுக்க எடுக்க, யானை அதே வேகத்தில் எங்கள் முன்னால் நடந்து வந்தது. ஓடவில்லை, துரத்தவில்லை, சாவகாசமாக. ஒரு மண் ரோடு பிரிகிற இடத்தில் ஒதுங்கினோம். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. பின் சீட்டில் எங்கள் வீட்டுக்காரர் கந்தர் சஷ்டி கவசத்தில் பாதியைத் தாண்டியிருந்தார்.

கேள்வி: எங்கள் பெரிய வீட்டில் பர்மாக் காலத்து யானைத் தந்தம் ஒரு ஜோடி இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது. விற்றுவிடலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: விற்க முடியாது, ஐயா. இந்திய யானைத் தந்த வியாபாரத்தை 1986லும் ஆப்பிரிக்கத் தந்தத்தை 1991லும் சட்டத் திருத்தம் போட்டு நிறுத்திவிட்டார்கள். வனத்துறையின் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே சிக்கல். வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் ஐயா கொண்டுவந்த தந்தச் சிமிழ் ஒன்று இருந்தது, ஆத்தா அதில் குங்குமம் வைத்திருந்தார். ரொம்ப அழகு, சொல்லாமல் என்ன. க்ரூகரில் லெடாபா முகாமில் யானைக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. பேர் பெற்ற பெரிய கொம்பன்களின் தந்தங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். 50 கிலோவைத் தாண்டிய தந்தமெல்லாம் உண்டு. பக்கத்தில் நின்றால் என் தலைக்கு மேலே வளைகிறது. அதைப் பார்த்தபோது சிமிழ்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் ஒரு காண்டாமிருகம் பார்த்தோம், மூக்கில் கொம்பு இல்லை, மழுங்கலாக ஒரு அடிக்கட்டை. திருடர்கள் கொல்லாமல் இருக்கப் பூங்காக்காரர்களே மயக்க ஊசி போட்டு வெட்டிவிடுகிறார்களாம். நகம் எதனால் ஆனதோ அதனால்தான் அந்தக் கொம்பும் ஆனது, திரும்ப வளரும், திரும்ப வெட்டுவார்கள். பேத்தி கேட்டாள், "அப்பத்தா, அதுக்கு வலிக்குமா?" வலிக்காது என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் இங்கே எழுதவில்லை.

கேள்வி: எந்த கேமரா வாங்கலாம்? (வாசகர், திருமயம்)

பதில்: கேமரா உங்கள் இஷ்டம். ஆளுக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்கள். ஒன்றே ஒன்று கொண்டுபோனால் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை நிச்சயம்.

கேள்வி: ஆச்சி, நான் ஒன்பதாம் வகுப்பு. ஆப்பிரிக்கா போக எங்களிடம் பணம் இல்லை. நான் என்ன பார்க்கலாம்? (மாணவன், திருப்பத்தூர்)

பதில்: உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறதே, தம்பி. பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதை நான் க்ரூகரில் ஒரு வழிகாட்டியிடம் சொன்னேன். நம்பாமல் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

அங்கே ஒரு ஆற்றங்கரையில் கறுப்பாக ஒரு நாரை பார்த்தேன். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி, நத்தையைப் பிடிப்பதற்கு. அட, நம் கண்மாய் நத்தைகுத்தி நாரை என்று வண்டிக்குள் கத்திவிட்டேன். அது ஆப்பிரிக்கச் சொந்தம், நம்முடையது சாம்பல் கலந்த வெள்ளை. மழை நன்றாகப் பெய்த வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், காலை ஆறு மணிக்குள் கரைக்குப் போய்விடு. சிவப்புச் சட்டை வேண்டாம், மிக்சர் பொட்டலம் வேண்டாம். ஒரே மரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார். அலகு மூடியிருக்கும்போது இடைவெளி வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து எனக்கு ஒரு கார்டு போடு.