பதில்: ஆரையம்பதி அம்மாவுக்கு 500 துண்டுப் புதிர் கண்ணைக் கட்டுகிறது

வணக்கம். லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய லெப்டொப்பில் அம்மா படத்துண்டுகளை அடுக்கும் ஜிக்சோ புதிரை 500 துண்டில் விளையாடுகிறா, துண்டுகள் பொடியாகத் தெரிகின்றன, கரண்ட் போனால் முழுதும் அழிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் துண்டைக் குறையுங்கள். 1366க்கு 768 பிக்சல் திரையைப் படம் முழுதாக நிரப்பினாலே 500இல் ஒரு துண்டு பக்கத்துக்கு ஏறக்குறைய 45 பிக்சல்தான். துண்டுகளைப் பரப்பவும் இடம் வேண்டுமே! 120 துண்டு போதும்.

கரண்ட் பிரச்சினைக்குப் பலபெலி (Palapeli) என்ற இலவச ஜிக்சோ விளையாட்டைப் போட்டுக் கொடுங்கள். லினக்ஸுக்கு இலவச மென்பொருள் செய்யும் கேடிஈ (KDE) குழுவினர் செய்தது. அடுக்கும்போதே தானாகச் சேமித்துக்கொள்ளும், மவுஸ் சில்லை உருட்டினால் பெரிதாகும். துண்டுகள் சுழல்வதில்லை, வயதானவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அமைப்பில் ஒட்டும் துல்லியத்தைத் தளர்த்தினால், கை கொஞ்சம் நடுங்கினாலும் துண்டு போய்ப் பொருந்தும்.

அப்புறம் படம். எங்கள் அம்மாவுக்கு நான் முதலில் கொடுத்தது மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலம், அந்திநேரப் படம். இரும்புச் சட்டங்களை மளமளவென்று சேர்த்துவிட்டா. வானமும் வாவியும் ஒரே செம்மஞ்சள், அதிலேயே இரண்டு நாள் நின்றா. பிறகு வானத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். நீங்களும் அப்படி வெட்டுங்கள், அல்லது பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தைப் போடுங்கள். முகம் சேரச் சேர அவவின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஒரே நிறப் பகுதி மிஞ்சினால் நிறத்தை விட்டு வடிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு காது (வெளியே நீட்டிக்கொண்டிருப்பது), இரண்டு குழி உள்ளவை ஒரு பக்கம், மூன்று காது உள்ளவை இன்னொரு பக்கம். நிறுவும்போது எங்காவது நின்றால் எழுதுங்கள்.