ஒரு ரோபோ, நாற்பது பிள்ளைகள்

பெங்களூரு பள்ளிகளில் ரோபோட்டிக்ஸ் கிளப் நடத்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஆறு பேரோடு ஆரம்பித்த எங்கள் பள்ளி ரோபோ கிளப்புக்கு இந்த ஜூனில் நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். போட்டி ரோபோ ஒன்றுதான் இருக்கிறது. தேர்வு வைத்துப் பத்துப் பேரை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?
— ஓர் ஆசிரியை, அல்சூர்

தேர்வு வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது வருமா வராதா என்பதை ஒரு வினாத்தாள் சொல்லாது. ஆனால் நாற்பது பேரையும் ஒரே ரோபோவைச் சுற்றி நிற்க வைப்பதும் தவறு. ஒரு ரோபோவில் ஒரே நேரத்தில் நான்கு பேர் கை வைக்கலாம். ஐந்தாவது பிள்ளை வேடிக்கை பார்க்கும், சில வாரத்தில் வராமல் நின்றுவிடும்.

இருபது இருபது பேராகப் பிரித்து, வாரத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாள் கொடுங்கள். நான்கு பேருக்கு ஒரு பயிற்சி வண்டி என்றால் ஐந்து வண்டி போதும். ஒரு வண்டிக்கு ரோபோவின் மூளையாக ஆர்டுயினோ ஊனோ வகை போர்டு ஒன்று, அது சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மோட்டார் டிரைவர் ஒன்று, சக்கரத்தோடு கியர் மோட்டார் இரண்டு, தரைக் கோட்டைப் பார்க்க ஐந்து கண் உள்ள ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் வரிசை ஒன்று, சுவரைக் கண்டறிய தூரம் அளக்கும் சென்சார் ஒன்று, எந்தப் பக்கமும் திரும்பும் கேஸ்டர் சக்கரம் ஒன்று, பேட்டரி ஒன்று. முதல் இரண்டு மாதம் கோடு தொடர்வது, சுவர் முன் நிற்பது, சொன்ன தூரம் போய் நிற்பது ஆகிய மூன்று வேலை மட்டும். போட்டி ரோபோவைத் தொட ஆசைப்படுவார்கள். இந்த மூன்றும் முடித்தவர்களுக்கு அதைத் திறந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இதைவிட முக்கியம். மாநிலப் பாடத்திட்ட உயர்நிலைப் பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்றே வகுப்பு. பத்தாவது பிள்ளைகள் தீபாவளிக்குப் பிறகு எஸ்எஸ்எல்சி படிப்பில் மூழ்கிவிடுவார்கள். ஆக ஒரு பிள்ளை முழுமையாக உங்களிடம் இருப்பது இரண்டரை வருடம்கூட இல்லை. புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே அண்ணன் போனதும் மறு வருடம் கிளப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பல கிளப்புகள் இப்படித்தான் நின்றுபோகின்றன. இதற்குப் பணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் எந்த வேலைக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் கீழ் வகுப்பு என்று விதியாகவே வைத்துவிடுங்கள். வயரிங், புரோகிராம், சேசிஸ் (அடிச்சட்டம்), ரோபோ ஓட்டுவது, கணக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அக்டோபர் முடிவதற்குள் அணித்தலைவர் பொறுப்பு ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட வேண்டும். பத்தாவது மாணவர் பக்கத்தில் நின்று திருத்தலாம். அவர் விடைபெறும் முன் ஒரு சோதனை வையுங்கள். சின்னவர் தனியாக ரோபோவின் வயர்களைப் பிரித்து, கிளப் நோட்டில் வரைந்துவைத்த வயரிங் படத்தை மட்டும் பார்த்துத் திரும்பவும் மாட்ட வேண்டும். மாட்ட முடியவில்லை என்றால் நோட்டு சரியில்லை என்று அர்த்தம், பிள்ளையைத் திட்டாதீர்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாளைக் கருவிக் கணக்குக்கு ஒதுக்குங்கள். எப்படியும் துடைத்துப் பொட்டு வைக்கப் போகிறோம். அலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், சாலிடரிங் அயன், மல்டிமீட்டர் என எண்ணி எழுதிவிட்டால் காணாமல் போனது அன்றே தெரியும்.

ரோபோ முன்னால் நன்றாகப் போகிறது. திடீரென்று பின்னால் திருப்பினால் ஆர்டுயினோ ரீசெட் ஆகி, புரோகிராம் முதலிலிருந்து தொடங்குகிறது. போர்டு மாற்றியும் அதேதான். மூன்று 18650 லித்தியம் செல், நான்கு 12 வோல்ட் மோட்டார்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஸ்ரீராமபுரம்

போர்டு மேல் தப்பில்லை. பேட்டரியின் வோல்ட் ஒரு கணம் சரிகிறது, போதிய வோல்ட் கிடைக்காமல் போர்டு அணைந்து மறுபடி தொடங்குகிறது.

மோட்டார் சுற்றும்போது அதுவே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும். நின்ற நிலையில் அது கிடையாது. ஒரு மோட்டாரின் சுருள் 4 ஓம் என்றால், கிளம்பும் கணத்தில் 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர். நான்கு மோட்டாருக்கு 12 ஆம்பியர். செல், ஹோல்டர், மெல்லிய வயர் எல்லாம் சேர்ந்து 0.3 ஓம் இருந்தால் கரண்ட் சுமார் 8.5 ஆம்பியராகக் குறையும், சுமார் 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். மூன்று செல் சேர்ந்த 11.1 வோல்ட் பேட்டரி 8.5-க்கு இறங்கும். முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சட்டென்று பின்னால் திருப்பினால் அந்த எதிர் மின்னழுத்தமே பேட்டரியோடு சேர்ந்துகொண்டு கரண்டை இன்னும் ஏற்றும். அதனால்தான் உங்களுக்குத் திரும்பும்போது மட்டும் வருகிறது.

முதலில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். மீட்டர் மெதுவானது, அதில் 9 தெரிந்தால் உண்மையில் அதைவிடக் கீழே போயிருக்கும். பிறகு புரோகிராமில் வேகத்தை ஒரே தாவலில் மாற்றாமல் 5 மில்லி விநாடிக்கு 5 புள்ளி வீதம் ஏற்றுங்கள். 0-விலிருந்து முழு வேகமான 255-க்குக் கால் விநாடிதான் ஆகும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

மீதிப் பாதி வயரில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து மோட்டார் டிரைவர் வரை ஜம்பர் வயர் கூடாது. 16 அல்லது 18 கேஜ் சிலிக்கான் வயரும் எக்ஸ்டி60 கனெக்டரும் போடுங்கள். சாலிடர் இல்லாமல் வயர் செருகும் பிரெட்போர்டு மேசைக்கு மட்டும்தான், போட்டி ரோபோவில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கேபாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். மோட்டாருக்குள் பிரஷ் பொறியால் வரும் மின் இரைச்சல் குறையும். ஆர்டுயினோவுக்குத் தனியாக, வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வைத்து 5 வோல்ட் கொடுங்கள். இங்கேதான் நிறைய போர்டு எரிகிறது: கடையிலிருந்து வரும் கன்வெர்ட்டர் 5 வோல்ட்டில் இருக்காது. போர்டை இணைக்கும் முன்பே மீட்டர் வைத்துத் திருகைத் திருப்பி 5.0-க்குக் கொண்டுவாருங்கள். கிரவுண்ட் வயர் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) இருந்தால் அதை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஓட்டாதீர்கள். எம்ஜி996ஆர் போன்ற சர்வோ திணறும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

எஸ்.பி. ரோட்டில் 18650 செல் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விலை. கொள்ளளவு 9,800 எம்ஏஎச் என்று அச்சிட்டது மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— ஒரு தந்தை, ஓகலிபுரம்

வாங்காதீர்கள். நல்ல நிறுவனங்களின் 18650 செல்லே சுமார் 3,500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கிறது. நல்ல செல் 45 கிராமுக்கு மேல் எடை இருக்கும். போலி கையிலேயே லேசாகத் தெரியும். ஒரு பேட்டரிக்கான மூன்று செல்லையும் ஒரே கடையில், ஒரே வகையாக, ஒரே நாளில் வாங்குங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்ற இரண்டும் அதைக் கெடுத்துவிடும். செல் ஒன்று 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. பயிற்சியில் மூன்று செல் பேட்டரி 10.5 வோல்ட்டைத் தொட்டதும் கழற்றி சார்ஜில் போடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஒரு பெரியவர் அறையில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சக்கரம் வாங்கப் போகும்போது மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். 6 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் ஹப் வாங்கி வந்து துளை போட்டால் சக்கரம் ஆடும். தகடு வெட்ட பீன்யா தொழிற்பேட்டையில் லேசர் வெட்டும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு துண்டுக்காகப் போகாமல், மூன்று நான்கு வேலை சேர்ந்த பிறகு போங்கள்.

எந்தப் போட்டியில் ஆரம்பிப்பது?
— ஓர் ஆசிரியர், மர்ஃபி டவுன்

விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுப் பொருள் வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டுப் போட்டி தேடுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற சர்வதேச மாணவர் போட்டியில் ஓர் அணிக்கு 15 பேர் வரை சேரலாம், கிளப் வளரும்போது வசதி. ரோபோ தொடக்கத்தில் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். ஆட்டம் இரண்டரை நிமிடம், அதில் முதல் 30 விநாடி ரோபோ தானே ஓட வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டுக் கருவியும் மோட்டாரும் அனுமதித்த பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் ஆர்டுயினோ அங்கே செல்லாது, செலவு கூடும். இன்னொரு சர்வதேசப் போட்டியான வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட்டில் ஃப்யூச்சர் எஞ்சினியர்ஸ் பிரிவு தானே ஓடும் காருக்கானது. போர்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அணிக்கு இரண்டு மூன்று பேர்தான். நாற்பது பேர் கிளப்புக்கு இதில் பல அணி தேவைப்படும்.

முதல் வருடம் பக்கத்துப் பள்ளிகளோடு ஒரு கோடு தொடரும் போட்டி நடத்துங்கள். அட்டல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிக்குள் அமைந்த செய்முறைக் கூடம்) உள்ள பள்ளி அருகில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே பொருள் இருக்கும், பல இடங்களில் கேட்க ஆள்தான் இருக்காது.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். கிளப்பில் அவளுக்கு நோட்டு எழுதுவதும் போஸ்டர் வரைவதும்தான் வேலை. பையன்கள்தான் ரோபோ ஓட்டுகிறார்கள்.
— ஒரு தாய், ஃப்ரேசர் டவுன்

இது கிளப்பின் குறை, உங்கள் மகள் சமாளித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. பொறுப்பு ஆசிரியரிடம் இரண்டு கேளுங்கள். நோட்டு எழுதுவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் சுற்றி வர வேண்டும். டிரைவரை ஸ்டாப்வாட்ச் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஆளுக்குப் பத்துச் சுற்று பயிற்சி, பிறகு ஐந்து சுற்று நேரம், சராசரி யாருக்குக் குறைவோ அவர் ஓட்டட்டும். பழகவே விடாமல் ‘அவளுக்கு வேகம் போதாது’ என்பது அநியாயம்.

பள்ளியில் சரியாகக் கோடு தொடரும் ரோபோ, போட்டி அரங்கில் தடம் மாறுகிறது. ஏன்?
— பத்தாம் வகுப்பு மாணவி, சிவாஜிநகர்

வெளிச்சம். ஜன்னல் வெயிலில் ஐஆர் இருக்கிறது, அது சென்சாரைக் குழப்பும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டைப் பாவாடை கட்டுங்கள். புரோகிராமில் வெள்ளையையும் கறுப்பையும் பிரிக்கும் எல்லை எண்ணை நிலையாக எழுதாமல், தொடங்கும் முன் வெள்ளையிலும் கறுப்பிலும் ஆட்டிக் காட்டி அளந்துகொள்ளச் செய்யுங்கள். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே புதிதாக எதையும் பொருத்துவதை நிறுத்திவிடுங்கள். பிறகு நைலாக் நட் (அதிர்விலும் கழலாத நட்) இறுக்கமா, கனெக்டர் உறுதியா என்று பார்த்து ஓட்டுவது மட்டும்தான். தானே ஓடும் பகுதி பத்தில் எட்டு முறை சரியாக வரவில்லை என்றால், அதைச் சுருக்கி எளிதாக்குங்கள்.

விமானத்தில் லித்தியம் பேட்டரி கொண்டுபோகலாமா?
— ஒரு பயிற்சியாளர், இந்திராநகர்

கழற்றிய பேட்டரியைக் கைப்பையில் மட்டும் வையுங்கள், செக்-இன் பெட்டியில் கூடாது. 11.1 வோல்ட், 2,200 எம்ஏஎச் என்றால் சுமார் 24 வாட்-மணி; 100 வாட்-மணி வரம்புக்கு வெகு கீழே. முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள். அளவு அச்சிட்ட லேபிள் கிழியாமல் இருக்கட்டும், சோதனையில் அதைத்தான் பார்ப்பார்கள். அலன் கீயும் கட்டிங் பிளேயரும் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும்.